ஐஸில் முக்கினால் குட்டு வெளிப்படும்!

மும்பை லாமிங்டன் ரோட்டுக் கடைகளில் நூறு ரெசிஸ்டர் கொண்ட பையை இரண்டு வடாபாவ் விலைக்குத் தருகிறார்களே, உள்ளே இருப்பது ரெசிஸ்டரா, வர்ணம் பூசிய குச்சியா?
– வாசகர், முலுண்ட் மேற்கு

ரெசிஸ்டரேதான், தைரியமாக வாங்கலாம். பீங்கான் தண்டு, மேலே கரிப்படலம், இரண்டு முனையிலும் கம்பி. இதில் ஏமாற்றிச் சம்பாதிக்க அதிகம் ஒன்றுமில்லை. தங்கப் பட்டை போட்ட 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், மல்டிமீட்டரில் 9.5-க்கும் 10.5-க்கும் நடுவே காட்டினால் பாஸ். பையில் கைவிட்டுப் பத்தை எடுத்து அளந்து பாருங்கள். காந்தம் ஒட்டினால் கம்பி செம்பு பூசிய இரும்பு என்று அர்த்தம். நல்ல கம்பெனிகளும் அப்படிச் செய்வதுண்டு, பயம் வேண்டாம். கம்பி நூல்போல மெலிந்திருந்தால் மட்டும் யோசியுங்கள். பிரெட்போர்டில் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டருக்கு மலிவான மஞ்சள் மல்டிமீட்டரை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். டிடி-830 ரக மீட்டருக்கு ஓம் அளவில் பிழையே 0.8 சதவீதம். முதலில் மீட்டரைச் சோதித்துவிட்டு, பிறகு ரெசிஸ்டரைச் சோதியுங்கள்.

மல்டிமீட்டரில் பாஸ் ஆன 2என்3055 டிரான்சிஸ்டர், ஆம்ப்ளிஃபயரில் போட்டதும் புகைகிறது. யார் சொல்வது பொய்?
– பொறியியல் மாணவர், மாட்டுங்கா

மீட்டர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறது. 1960-களில் ஆர்.சி.ஏ. கொண்டுவந்த இந்த டிரான்சிஸ்டர் 15 ஆம்பியர் வரை தாங்க வேண்டும். 115 வாட் வெப்பத்தைக் கடத்த வேண்டும். மீட்டர் அதற்குள் அனுப்புவதோ ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான். உங்களிடம் வந்தது போலியாக இருக்கலாம். போலியில் இருப்பதும் உண்மையான டிரான்சிஸ்டர்தான், ஆனால் சிறிய சில்லு. பெரிய உலோகத் தொப்பிக்குள் எள்ளளவு சிலிக்கானை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

பத்து வாங்கினால் ஒன்றைப் பலி கொடுங்கள். தொப்பியை அறுத்துத் திறந்து, நம்பகமான பழைய ஒன்றின் சில்லோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அகல வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அறுக்க மனம் வராவிட்டால், நல்ல ஹீட்சிங்க்கில் பூட்டி இரண்டு மூன்று ஆம்பியர் பாயவிட்டு அரை மணி நேரம் கவனியுங்கள்.

மீன்தொட்டியில் இரண்டு டிஎஸ்18பி20 வெப்ப சென்சார்கள் போட்டேன். ஒன்று 26 என்கிறது, மற்றது 28 என்கிறது. மீன்களையே கேட்டுவிடலாமா?
– வாசகி, செம்பூர்

ஐஸைக் கேளுங்கள். ஐஸைப் பொடித்து, இடைவெளி நிரம்பும் அளவுக்குச் சுத்தமான தண்ணீர் விட்டு, தெர்மாஸில் போட்டுக் கலக்குங்கள். அந்தக் கலவையின் வெப்பநிலை 0 டிகிரி. இதற்கு எந்த ஆய்வகச் சான்றிதழும் தேவையில்லை. பத்து நிமிடம் சென்சார் உள்ளே இருக்கட்டும். ஒரிஜினல் தரும் வாக்குறுதி, கழித்தல் 10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரிக்கு மேல் பிசகாது என்பது. 2 என்று காட்டும் சென்சாரின் சாயம் அங்கேயே வெளுத்துவிடும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. ஒவ்வொரு சென்சாருக்குள்ளும் எட்டு பைட் கொண்ட ஒரு முகவரி இருக்கும். ஒரிஜினலில் அது 28-ல் தொடங்கும். கடைசி பைட்டுக்கு முன்னால் 00-00 இருக்கும். இந்த வரிசை மாறியிருந்தால் அது வேறு யாரோ செய்தது.

போலி என்று தெரிந்ததும் வீசி எறிய வேண்டுமா? அவசியமில்லை. எப்போதும் ஒரே மாதிரி 2 டிகிரி கூட்டிச் சொன்னால், நிரலில் 2-ஐக் கழித்துவிடுங்கள். மீனுக்கு அது போதும். ஒரே வேலையைச் செய்யும் மாற்றுச் சில்லுகளைத் தங்கள் பெயரிலேயே மலிவாக விற்கும் கம்பெனிகள் உண்டு. அது நேர்மையான வியாபாரம். அடுத்தவர் பெயரைப் பொறித்து விற்பதுதான் குற்றம்.

போலிச் சில்லுகளை ஒழிக்கக் கம்பெனிகள் எதுவுமே செய்வதில்லையா?
– வாசகர், தாராவி

ஒரு கம்பெனி செய்தது. அடி விழுந்தது வாங்கியவர் தலையில். ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ கம்பெனியின் யுஎஸ்பி சில்லுக்கு உலகெங்கும் போலிகள் வந்தன. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அதன் டிரைவர், போலிச் சில்லைக் கண்டால் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கியது. கருவி கணினிக்குத் தெரியாமலே போனது. ஒரிஜினல் என்று நம்பிக் காசு கொடுத்த அப்பாவிகள்தான் தவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. போலி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்க செனட் குழுவின் 2012 அறிக்கையே சாட்சி: சி-130ஜே ராணுவ விமானத்தின் திரைகளுக்குள்ளேயே போலி மெமரிச் சில்லுகள் இருந்தன.

புதிதில் சரியான அளவு காட்டிய கெபாசிட்டர், வருடம் திரும்புவதற்குள் வயிறு வீங்குகிறதே?
– டிவி மெக்கானிக், முலுண்ட் கிழக்கு

முதல் நாள் பரீட்சையில் ஆயுளுக்கு மார்க் கிடையாது. 2000-த்தை ஒட்டிய வருடங்களில் உலகம் முழுக்க மதர்போர்டு கெபாசிட்டர்கள் வீங்கி வெடித்தன. அவையும் தொழிற்சாலைச் சோதனையில் தேறியவையே. உள்ளிருந்த திரவத்தின் சேர்மானம் சரியில்லாததால் நாளடைவில் வாயு உண்டாகி மூடியைத் தள்ளியது. அந்தக் கோளாறுக்காக டெல் கம்பெனி 2005-இல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது.

கெபாசிட்டர் உடம்பில் அச்சிட்டிருக்கும் டிகிரியைப் பாருங்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் சுமார் இரட்டிக்கும் என்பது பொதுக் கணக்கு. 65 டிகிரி சூடான பெட்டிக்குள், 85 டிகிரி–2,000 மணி நேர ரகம் 8,000 மணி நேரம் ஓடும். இடைவிடாமல் ஓடினால் அது முழு வருடம்கூட இல்லை. 105 டிகிரி–2,000 மணி நேர ரகம் அதே இடத்தில் 32,000 மணி நேரம் தாங்கும். ஈஎஸ்ஆர் மீட்டர் ஒன்றும் கையில் இருக்கட்டும். அளவு சரியாகக் காட்டி உள்ளே கெட்டுப்போனதை அது பிடித்துவிடும்.

9,900 மில்லி ஆம்பியர் அவர் என்று போட்ட 18650 பேட்டரி வாங்கலாமா?
– மாணவி, தாராவி

வேண்டாம். அந்த அளவு உருளையில் நல்ல கம்பெனிகள் தருவதே 3,500-ஐ ஒட்டித்தான். சமையலறைத் தராசில் வையுங்கள்: நல்லது 45 கிராமை ஒட்டி இருக்கும்.

சல்லிசான மொபைல் சார்ஜரை வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?
– வாசகர், செம்பூர்

சோதிக்காதீர்கள். 230 வோல்ட்டுக்கும் உங்கள் கைக்கும் நடுவே ஒரு சின்ன நீலக் கெபாசிட்டர் காவல் நிற்கிறது. ஒய்1 ரகம் என்றால் 8,000 வோல்ட் அதிர்ச்சியைத் தாங்கிக் காட்டியிருக்க வேண்டும். அந்த இடத்தில் சாதாரண ரகத்தைப் போட்டிருந்தாலும் மீட்டர் அதே அளவைத்தான் காட்டும். ஷார்ட் ஆகும் நாளில் வீட்டு மின்சாரம் போனுக்கே வந்துவிடும். பவர் அடாப்டர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் மேலே அச்சாகியிருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைத் தட்டினால், யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவானது என்று கடை வாசலிலேயே தெரிந்துவிடும்.