எம்.பி.40-உம் கால வழுவமைதியும்: ஓர் ஆய்வு

வழு, அதாவது இலக்கணப் பிழை, ஏழு வகைப்படும் என்றார் நன்னூல் செய்த பவணந்தி முனிவர். அவற்றுள் கால வழுவை அவர் வினைச்சொல்லோடு நிறுத்திக்கொண்டார், துப்பாக்கிக்கு நீட்டவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அதற்கு அவசியம் நேரவில்லை என்பதால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. விடுபட்ட அந்த இயலை எழுதிச் சேர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்குரிய பனுவல், ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 1981-இல் வெளிவந்த ‘ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்’. கதை நடப்பது 1936-இல் என்று படமே எழுத்துப் போட்டுக் காட்டிவிடுகிறது. இயக்குநர் தாமாக முன்வந்து எழுதிக் கொடுத்த வாக்குமூலம் இது. ‘முன்னொரு காலத்தில்’ என்று போட்டிருந்தால் எம் போன்ற ஆய்வாளர்களின் பிழைப்பு போயிருக்கும்.

படத்தில் நாஜிகளும் அவர்களின் அடியாட்களும் தூக்கிக்கொண்டு அலைவது எம்.பி.40. பிறந்த ஆண்டைப் பெயரிலேயே பொறித்துக்கொண்ட துப்பாக்கி அது. ஆக, பிறப்பதற்கு நான்கு ஆண்டு முன்பே வேலைக்கு வந்துவிட்டது. அதன் அண்ணன் எம்.பி.38-ஐ அழைத்து வந்து சமாளித்தாலும் இரண்டு ஆண்டு இடிக்கும். இருவரையும் பிரித்தறிவது ஆய்வாளர்க்கு அழகு: கடைந்தெடுத்த உடலில் நீளவாக்கில் வரிப்பள்ளம் ஓடினால் அண்ணன், செலவைக் குறைக்கத் தகடு அடித்து மடக்கியது தம்பி.

இது வழுதான். ஆனால் நன்னூலார் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் காரணங்களால் காலம் மயங்கலாம் என்று இடம் கொடுத்திருக்கிறார்; அப்படி ஏற்கப்படும் வழுவே வழுவமைதி. சோற்றைப் பிசைந்துகொண்டே “இதோ வந்துட்டேன்” என்று வாசல் நோக்கிக் குரல் கொடுப்பவன் விரைவு பற்றித் தப்பிக்கிறான். எம்.பி.40 தப்பிப்பது மிகுதியால். பத்து லட்சத்துக்கும் மேல் செய்து குவித்த ஆயுதம். படப்பிடிப்புக்கு வாடகைத் துப்பாக்கி கேட்டால் அதுதான் முதலில் கைக்கு வரும். தெளிவும் உண்டு: கீழே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தோட்டாக்கூட்டைக் கண்ட மாத்திரத்தில் வந்திருப்பவன் நாஜி என்று கடைசி வரிசைக்கும் தெரிந்துவிடும். 1936-க்குரிய பழைய பெர்க்மான் துப்பாக்கியைக் கொடுத்திருந்தால் சரியாக இருந்திருக்கும், யாருக்கும் புரிந்திருக்காது. எனவே இது வழுவமைதியே என்பது எம் துணிபு.

நாயகன் இண்டியானா ஜோன்ஸ் பக்கம் பெரிய குற்றமில்லை. நேபாள மதுக்கடையில் அவர் சுடும் பிரவுனிங் ஹை-பவர் 1935-இல் வந்தது. ஒரு வயதுக் குழந்தை, மயிரிழையில் தேறியது. கெய்ரோச் சந்தையில் வாள்வீரனைச் சுட்டுத் தள்ளும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சுழல் துப்பாக்கி முதல் உலகப் போர்க் காலத்துச் சரக்கு, ஐயத்துக்கு இடமில்லை. அங்கே நீண்ட சண்டைதான் திட்டம். துனீசியப் படப்பிடிப்பில் ஹாரிசன் ஃபோர்டுக்கு வயிற்றுப்போக்கு கண்டதால் ஒரே வெடியில் முடித்தார்கள். விரைவு பற்றிய அமைதிக்கு இதைவிட நல்ல மேற்கோள் எமக்குக் கிடைக்கவில்லை.

துப்பாக்கி மட்டுமா? விமானப் பயணத்தைக் காட்டும் வரைபடத்தில் ‘தாய்லாந்து’ இருக்கிறது. சயாம் அப்பெயரைச் சூடியது 1939-இல். பிரிட்டிஷ் படை குடிகொண்டிருந்த எகிப்தில் ஜெர்மானியப் படை கூடாரமடித்து, தலைப்பில் ‘ஆர்க்’ எனப்படும் பேழையைத் தேடிப் பகிரங்கமாகத் தோண்டுகிறது. இவற்றையெல்லாம் விழுங்கிவிட்டு, பேழையிலிருந்து ஆவிகள் புறப்பட்டு மனித முகங்களை உருக்குவதையும் ஆதாரம் கேட்காமல் நம்பிவிட்டு, தகடு அடித்த துப்பாக்கியிடம் மட்டும் பிறப்புச் சான்றிதழ் கேட்கும் ரசிகர்கள் உளர். யாம் அவர்கள் கட்சி.

எந்த அமைதிக்கும் கட்டுப்படாதது ஒன்று எஞ்சுகிறது. பேழையைத் தகர்த்துவிடுவதாக மிரட்டும்போது ஜோன்ஸ் தோளில் இருப்பது ஆர்.பி.ஜி-2 குடும்பத்து ராக்கெட் குழல். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு சோவியத் நாட்டில் உருவான இனம். பத்தாண்டுக்கும் மேல் முந்தி வந்துவிட்டது. ஆனால் ஜோன்ஸ் அதைக் கடைசிவரை சுடவில்லை. வெடிக்காத ஆயுதத்துக்குக் கால வழு பொருந்துமா என்பதற்கு நூற்பா இல்லாமையால், யாமே ஒன்று யாத்து வருகிறோம்.