பச்சை உடம்பும் பேனாவும்

பிள்ளை பெற்றவள் தினந்தோறும் தன் மனோபாவங்களை ஒரு புத்தகத்தில் எழுதி வருவாளானால், சித்தத்தில் தேங்கிய சஞ்சலமெல்லாம் வடிந்துவிடும் என்று மனோதத்துவ நிபுணர்கள் அபிப்பிராயப்படுகிறார்கள். இந்த அபிப்பிராயத்துக்கு அஸ்திவாரமிட்டவர்களுள் முக்கியமானவர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர். மனத்தை அழுத்தும் விஷயத்தைத் தினம் 15 நிமிஷம் வீதம் நான்கு நாள் எழுதியவர்கள், பிற்பாடு வைத்தியரைத் தேடிப் போவது குறைந்தது என்று 1986-ஆம் ஆண்டில் அவர் சகா ஒருவருடன் சேர்ந்து பிரசுரித்தார். அவர் பரீட்சைக்கு எடுத்துக்கொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதை மட்டும், எனக்கு நாட்குறிப்புப் புத்தகம் வாங்கித் தந்த என் தங்கை சொல்லவில்லை. மாணவர்களுக்கு 15 நிமிஷம் சேர்ந்தாற்போல் கிடைக்கும்.

அம்மாவுக்கோ ஆராய்ச்சியிலேயே நம்பிக்கை கிடையாது. பச்சை உடம்புக்காரி எழுதவும் படிக்கவும் கூடாது, பின்னால் கண் மங்கும்போது பெற்றவளைத் திட்டாதே என்பது அவள் சாஸ்திரம். காதில் பஞ்சு, வயிற்றில் இறுகச் சுற்றிய பழைய வேஷ்டி, வாயில் லேகியம் என்று என்னை நாலாபுறமும் பந்தோபஸ்து செய்திருந்தவள், பேனாவை மட்டும் உள்ளே விடுவாளா? ஆகையால் அவள் கண்ணயரும் நடுநிசியில்தான் எழுத வேண்டியிருந்தது. நடுநிசியில் குழந்தையும் விழித்திருந்தது. அம்பாளுக்கு நான்கு கரங்கள் வைத்த சிற்பி, பிள்ளை பெற்ற வீடு ஒன்றை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உளியை எடுத்திருக்க வேண்டும்.

"இன்று என் உள்ளத்தில்" என்று கம்பீரமாகத் தொடங்கிய வாக்கியம் அந்த இடத்திலேயே நிற்கிறது. அதன்கீழே, "2 மணி இடது, 4 மணி வலது, ஏப்பம் வரவில்லை" என்று என் குறிப்பு, அதற்கும் கீழே, "சுக்கு, கண்டந்திப்பிலி, அரிசித்திப்பிலி, நெய்" என்று அம்மாவின் கையெழுத்து. தடை எனக்குத்தானே ஒழிய, காகிதத்துக்கு இல்லையாம். இதெல்லாம் ஆத்ம விசாரம் ஆகுமா என்று தங்கை கேட்டாள். ஆகும் என்றே நான் சாதிப்பேன். அன்றைய தினம் என் உள்ளம் முழுவதும் அந்த வராத ஏப்பத்தில்தான் இருந்தது.

குழந்தையைப் பற்றிச் சாவகாசமாக எழுதியவர் என்றால் அது சார்லஸ் டார்வின். 1839 டிசம்பரில் பிறந்த தம் மூத்த மகனின் தும்மல், விக்கல், கொட்டாவி ஆகியவற்றை முதல் வாரத்திலிருந்தே கவனித்துக் குறித்து, 1877-இல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். மகா மேதைதான், கொட்டாவியைக் குறிக்கும் வேளையில் குழந்தை யார் கையில் இருந்தது என்று அவரைக் கேட்பது மரியாதையாகாது. அவர் மனைவி எம்மாவும் நாட்குறிப்பு எழுதியவர். அதில் பெரும்பாலும் இரண்டொரு சொற்களுக்கு மேல் இல்லை.

பரிசோதனைக்குப் போன தினத்தில் நர்ஸ் ஒரு தாளை நீட்டினார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிவதற்காக 1987-இல் வெளிவந்த, எடின்பரோ நகரின் பெயர் தாங்கிய, பத்துக் கேள்விகள் கொண்ட தாள் அது. நல்ல காரியம், எல்லாப் பிரசவ விடுதிகளிலும் கொடுக்க வேண்டியது. சென்ற ஏழு நாட்களில் உங்களால் சிரிக்க முடிந்ததா என்பது முதல் கேள்வி. தரப்பட்ட நான்கு விடைகளில் ஒன்றும் என் ஸ்திதிக்குப் பொருந்தாமையால், "முடிகிறது, ஆனால் ஆபரேஷன் தையல் சுரீரென்று இழுப்பதால், அம்மா பேசும்போது சுவரைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஓரத்தில் எழுதினேன். நர்ஸ் அதைப் படித்துவிட்டு அம்மாவைப் பார்க்க, அம்மா தாளை வாங்கி எழுத்துக் கூட்டி முழுவதும் வாசித்தாள்.

"இதற்குத்தான் பேனாவைத் தொடாதே என்றேன்" என்றாள்.

தையல் இழுத்தது.