திரும்பிய திரை

திரையை நெட்டுக்குத்தாக நிறுத்திப் பக்கம் திருத்துகிறேன். எழுத்து ஓரமெல்லாம் சிவப்பும் நீலமுமாகத் தெரிகிறதே, கண்ணில் கோளாறா?
(டி.டி.பி. கடைக்காரர், கும்பகோணம்)

கண் சரி, நடவுதான் தப்பு! திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நெடுங்கோடு. அவற்றைத் தனித்தனியே ஏற்றி இறக்கி எழுத்தின் ஓரத்தை வழுவழுப்பாக்குவதுதான் மைக்ரோசாப்ட் 1998-இல் அறிவித்த கிளியர்டைப். திரையைத் திருப்பினால் கோடுகள் படுத்துவிடும். கிளியர்டைப்போ நிற்பதாகவே நினைத்து வண்ணம் பூசும். இதை நெல் நடவாக நினைத்துக்கொள்ளுங்கள்: செம்மை நெல் சாகுபடி மாதிரி 25-க்கு 25 செ.மீ. சதுர நடவென்றால் களையெடுக்கும் கோனோவீடரை எந்தப் பக்கமும் ஓட்டலாம். உங்கள் திரையோ வரிசை நடவு ஆயிற்றே! கிளியர்டைப்பை அணைத்துப் பாருங்கள்.

ஐபோனை எப்படிப் புரட்டினாலும் எழுத்து கெடுவதில்லையே?
(கல்லூரி மாணவி, மன்னார்குடி)

அது புரளவே பிறந்தது! வண்ண வித்தையே வேண்டாமென்று சாம்பல் நிறத்தால் மட்டும் ஓரத்தை மழுப்புகிறது. மேக் கணினியும் 2018-இல், மொஹாவே பதிப்பில், அதே வழிக்கு வந்துவிட்டது.

சரசுவதி மகால் நூலக ஓலைச்சுவடிக்கு இந்தத் தொல்லை உண்டா?
(வாசகர், திருவையாறு)

கிடையாது. எழுத்தாணியால் கீறிக் கரி தடவியது; கறுப்பு ஒன்றே நிறம். தலைகீழாகத் தெரிந்தால் கோளாறு ஓலையில் இல்லை, பிடித்திருப்பவரிடம்!