லாஸ்ட் ரேட் சொல்லுங்க

கப்பி மீன் குட்டி போடுவதற்கு நம் தயவு தேவையே இல்லை. தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான். ஏறக்குறைய 4 வாரத்துக்கு ஒரு பிரசவம். பிரசவத்துக்கு 20, 30 குட்டிகள். அந்தக் குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாங்களே தாயாகிவிடும். வெள்ளைக்காரர்கள் இதற்கு ‘மில்லியன் ஃபிஷ்’ என்று இன்னொரு பெயரும் வைத்திருக்கிறார்கள். வைத்தவர் மொட்டை மாடியில் தொட்டி வைத்து நொந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சென்னையில் கொளத்தூருக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு மீன் வளர்த்து விற்கும் இந்த வியாதி சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். எனக்கும் ஒட்டிக்கொண்டது. வரிசையாக வண்ண மீன் கடைகள். ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கவரைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிற கூட்டம். அங்கே “ஒரு பேர் என்னங்க?” என்று கேட்டுவிட்டாலே போதும், மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். பேர் என்றால் ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி. ஒரு ஜோடி 30 குட்டி போட்டால் 15 ஜோடி. ஜோடி 40 ரூபாய் என்றால் 600. அந்த 15 ஜோடியும் ஆளுக்கு 30 போட்டால்? மூன்றாவது தலைமுறையில் ஆபீஸுக்கு ராஜினாமாக் கடிதம் எழுதிவிடலாம். கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. வாங்குகிற ஆள் மட்டும் அதில் எங்கேயும் வரமாட்டார்.

கப்பி என்பதே ஒரு மனிதரின் பெயர்தான். ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி டிரினிடாடிலிருந்து இந்த மீனை லண்டனுக்கு அனுப்பிவைத்தார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த ஆல்பர்ட் குந்தர் 1866-இல் அவர் பெயரையே மீனுக்குச் சூட்டினார். ஆனால் 1859-லேயே வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்பவர் வேறு பெயர் வைத்துப் பதிவுசெய்திருந்தார். அறிவியலில் முந்தியவருக்கே உரிமை என்பதால் கப்பியின் பெயர் ஊர்வாயோடு நின்றுவிட்டது. மீனைக் கொடுத்துப் பெயரை மட்டும் சம்பாதித்தவர்கள் வரிசையில் எங்களுக்கெல்லாம் அவர்தான் முன்னோடி.

பெண் கப்பியிடம் இன்னொரு சாமர்த்தியம் உண்டு. ஒருமுறை ஆணோடு சேர்ந்துவிட்டால், அந்த விந்தை மாதக்கணக்கில் உடம்பிலேயே சேமித்து வைத்து, தவணை முறையில் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். எதிர்வீட்டு ரிடையர்டு சார் ஒருவர், “பெருகினா தொல்லை, பொம்பளை மீனா நாலு குடுங்க” என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன், சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். அடுத்த மாதம் மாடிப்படி ஏறி வந்து, “எல்லாம் பொம்பளைன்னுதானே குடுத்தீங்க?” என்றார். சேமிப்பு ரகசியத்தை மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இதையெல்லாம் இவ்ளோ சத்தமாச் சொல்லாதீங்க சார். வீட்ல வயசுப் பொண்ணு இருக்கு.”

எங்கள் வீட்டில் முட்டை ஏறாது. ஆனால் கப்பி போல் குட்டி போடாமல் முட்டையிடும் மீன்களின் குஞ்சுக்கு முதல் வார ஆகாரமாகப் பழைய ஆட்கள் சிபாரிசு செய்வது, அவித்த மஞ்சள் கருவை மெல்லிய துணியில் கட்டித் தண்ணீரில் பிழிந்துவிடுவது. அம்மா ரொம்ப நேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள்: “மாடியிலேயே தனி ஸ்டவ், தனிப் பாத்திரம். பாத்திரம் படியிறங்கக் கூடாது.” இப்போது முட்டை எத்தனை நிமிஷம் வேக வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தருவதே அவள்தான்.

புழு விவகாரம் இவ்வளவு சுமுகமாக முடியவில்லை. மீனுக்குத் தீனியாகப் போடுவது டியூபிஃபெக்ஸ் என்று ஒரு சிவப்புப் புழு. நூல் மாதிரி மெல்லிசாக இருக்கும், பந்தாகச் சுருண்டு கிடக்கும். டப்பாவில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு ஃபிரிட்ஜில் வைத்து, தினமும் அலசி வந்தால் சில நாள் தாங்கும். தோசை மாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். என் மனைவி டப்பாவைத் திறந்து பார்த்து, அம்மா பீட்ரூட் துருவி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக் கரண்டியை விட்டிருக்கிறாள். துருவல் நகர்ந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பீட்ரூட் வாங்குவதில்லை. புழுவை இன்னும் வாங்குகிறோம், வேறு டப்பாவில்.

ஃபைட்டர் மீனின் குடும்ப வாழ்க்கை கப்பியினுடையதற்கு நேர் எதிர். தாய்லாந்து 2019-இல் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. ஆண் வாயால் குமிழி ஊதி ஊதி நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டும். பெண் விடும் முட்டைகள் கீழே விழ விழ, ஒவ்வொன்றாக வாயில் கவ்விக் கொண்டுபோய்க் கூட்டில் ஒட்டும். அதோடு பெண்ணின் வேலை முடிந்தது. உடனே அவளை வெளியே எடுக்காவிட்டால் ஒன்று அவள் முட்டையைத் தின்பாள், இல்லையென்றால் அவன் அவளைக் குதறிவிடுவான். அப்புறம் காவல், விழுந்த குஞ்சை மறுபடி கூட்டில் ஒட்டுவது எல்லாம் அப்பாவின் பொறுப்பு. என் மனைவி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிட்டு, “தண்ணிக்குள்ளயாவது நடக்குதே” என்றாள்.

மூன்று மாதம் நெருங்கும்போது பையன்களுக்கு மீசை முளைத்துவிடும். சிலுப்பிக்கொண்டு ஒன்றை ஒன்று கடித்து வாலைக் கந்தலாக்கும். கந்தல் வாலுக்குக் காசு கிடையாது. அதனால் விற்கிறவரை ஆணுக்கு ஒரு பாட்டில். மேலே வந்து காற்றை நேராகக் குடிக்கத் தெரிந்த மீன் என்பதால், தண்ணீரை அடிக்கடி மாற்றினால் சின்னப் பாட்டிலிலும் சமாளித்துக்கொள்ளும். வெள்ளைக் கண்ணாடி, தட்டை வடிவம், அடுக்க வசதி, மலிவு விலை என்று பார்த்தால் தமிழ்நாட்டில் தட்டுப்பாடில்லாமல் கிடைப்பது ஒன்றே ஒன்றுதான்.

பழைய பேப்பர் கடைக்குப் போய், “குவார்ட்டர் பாட்டில் ஒரு நூறு வேணும்” என்றேன்.

கடைக்காரர் தராசிலிருந்து தலையைத் தூக்கினார். “சார், இதை விக்கத்தான் வருவாங்க. வாங்க வந்த மொத ஆளு நீதான்.”

“மீன் போடறதுக்குங்க.”

“மீனு சைடு டிஷ்ஷாச்சே சார், அதை எதுக்கு பாட்டிலுக்குள்ள போடறே?”

கோணியில் கட்டி வண்டியில் வைத்துக்கொண்டு வந்தேன். தெருவில் உள்ள ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கிலும் நூறு பாட்டிலும் சேர்ந்து நான் வருவதை அறிவித்தன. வீட்டு ஓனர் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். கோணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வாடகை இரண்டு நாள் தாமதமானால்கூடக் கனிவாகப் பேசுகிறார். போன பொங்கலன்று தோளில் கைபோட்டு, அவருடைய மச்சினர் ஒருவர் யோகா செய்து ‘அந்தப் பழக்கத்திலிருந்து’ வெளியே வந்த கதையைச் சொன்னார்.

பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவே தடுப்பு வேண்டும். எதிரி கண்ணில் பட்டால் நாள் முழுக்கச் சண்டைக்கு நின்றே ஃபைட்டர் களைத்துவிடும். கல்யாணப் பத்திரிகையை மிஞ்சிய தடுப்பு கிடையாது. கெட்டி அட்டை, பளபளப்பு, தண்ணீர் பட்டாலும் சட்டென்று ஊறாது. முறைத்துக்கொண்டிருக்கும் இரண்டு ஆண்களுக்கு நடுவே தங்க எழுத்தில் ‘சுற்றமும் நட்பும் சூழ வருக’. எங்கள் சித்தி வடாம் காயப்போட மாடிக்கு வந்து, தன் மகள் பத்திரிகை எந்த இரண்டு மீனுக்கு நடுவில் நிற்கிறது என்று பார்த்துவிட்டாள். அந்த வருஷம் எங்களுக்கு வடாம் வரவில்லை.

இனி வியாபாரம். விற்பனைக்கு மீன் படத்தை ஆன்லைனில் போட்டதும் முதலில் வருவது விலை என்ன என்ற கேள்வி அல்ல. “லாஸ்ட் ரேட் சொல்லுங்க ப்ரோ.” முதல் ரேட்டையே நான் இன்னும் சொல்லியிருக்கமாட்டேன். 40 என்றால், “30-க்குக் குடுத்தா இப்பவே வரேன்.” சரி என்றால் வரமாட்டார். ராத்திரி பதினோரு மணிக்கு, “25?” பேரமே பேசாமல் வாங்கிப் போனவர்கள் மழைக்காலத்தில் தொட்டியை டார்ச் அடித்துப் பார்க்க வரும் டெங்கு தடுப்பு ஆட்கள்தான். கப்பி கொசுப்புழுவைத் தின்னும் என்பதால் கிணற்றில் விட ஒரு வாளி கேட்டார்கள். காசு கொடுக்கவில்லை, ஆனால் எடுத்துக்கொண்டு போனார்களே!

வெளியூர் ஆர்டர் என்றால் அது ஒரு சடங்கு. முதல் நாளே மீனைப் பட்டினி போட வேண்டும், வழியில் கவர்த் தண்ணீரை அது அசிங்கம் செய்யாமல் இருக்க. கவரில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர்; மீதி ஆக்ஸிஜன். அடிப்பக்கத்து இரண்டு மூலைகளையும் ரப்பர் பேண்டால் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் சின்ன மீன் மூலையில் போய்ச் சிக்கி நசுங்கிவிடும். அப்புறம் தெர்மோகோல் பெட்டி, பஸ் பார்சல். “உயிரோட இருக்கா?” என்று கிளீனர் கேட்பார். “இப்போதைக்கு இருக்கு” என்பேன். போய்ச் சேர்வதற்குள் செத்திருந்தால் வேறு மீன் அனுப்ப வேண்டும். அதற்கு அத்தாட்சியாக, கவரைப் பிரிக்காமலே வீடியோ எடுக்க வேண்டும் என்பது எங்கள் வட்டாரத்துச் சட்டம். சேலத்து வாடிக்கையாளர் ஒருவர் கண்ணீர் பொம்மை நான்கு போட்டுப் படம் அனுப்பினார். நான் அனுப்பியது சிவப்புக் கப்பி. படத்தில் மல்லாந்து கிடந்தது கறுப்பு மோலி. அதைச் சொன்னதும் பதில் வந்தது: “செத்ததும் கலர் மாறிடுச்சு ப்ரோ.”

கடைசியில் மிஞ்சியதெல்லாம் போய்ச் சேருவது கொளத்தூர் கடைக்காரரிடம்தான். அவரிடம் இரண்டு விலை உண்டு. பணமாகக் கேட்டால் மீன் 4 ரூபாய், பொருளாக எடுத்துக்கொண்டால் 8. யாருக்குத்தான் 4 ரூபாய்க்குக் கொடுக்க மனசு வரும்? போன வாரம் 60 மீன் கொண்டுபோனேன்; 480 ரூபாய் ஆயிற்று. “அல்பினோ ஃபுல் ரெட் கப்பி வந்திருக்கு சார், உங்களுக்குன்னே எடுத்து வெச்சேன். ட்ரையோ 600” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, “பணம்?” என்றாள். கவரைத் தூக்கிக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு ஆணையும் இரண்டு பெண்ணையும் வெளிச்சத்தில் பார்த்தாள்.

“ரெண்டும் வயித்தோட இருக்கு” என்றாள்.

கடைக்காரருக்கு இன்னும் 120 ரூபாய் பாக்கி என்பதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.