ஒட்டுக்கா ஓடறவங்களுக்கு அப்பாரு சொல்றது

ஏங்கண்ணு, ஞாயித்துக்கெழம வெடியால குடும்பத்தோட ஓடப் போறயாமா? ரேஸ்கோர்ஸ்ல ரெண்டு சுத்து, அஞ்சு கிலோமீட்டராமா? நல்ல சோலிதான். போன வாரம் ரேசன் கடைக்குப் போயிட்டு வாடான்னதுக்கு வண்டியில பெட்ரோல் இல்லைன்ன ஆளு நீ. கடை எட்டு ஊடு தள்ளித்தான் இருக்குது. செரி, அது கெடக்குட்டும். புத்துநோய் வந்த கொழந்தைகளுக்குப் பணஞ் சேக்கறாங்கன்னு உம்பொண்டாட்டி சொன்னா. அதுக்குன்னா நாங் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா வாயும் சும்மா இருக்காது, கேட்டுட்டுப் போ.

ஆளுக்கு 500 ரூவா கட்டுனயாமா. நாலு பேருக்கு 2000. அதுக்கு என்ன தருவாங்கன்னா பனியன், பதக்கம், பொறவு பொங்கல்ங்கற. நானு திருப்பூர்ல பனியன் கம்பெனி கட்டிங் டேபிள்ல நின்னு தலை நரைச்சவன் கண்ணு. துணியத் தொட்டாலே வெல சொல்லிருவேன். பனியனுக்குக் கொஞ்சம் போச்சு, பதக்கத்துக்குக் கொஞ்சம் போச்சு, மேடைக்கும் மைக்செட்டுக்கும் போச்சு, கொடியாட்ட வர்ற பெரிய மனுசனுக்குப் பொன்னாடை வாங்குனதுல இன்னுங் கொஞ்சம் போச்சு. கடசியில அந்தப் புள்ளைகளுக்கு மிஞ்சறது எத்தனைன்னு கேட்டயா? கேக்கோணும். கணக்குக் கேட்டா மொகஞ் சுளிக்கறவன் நடத்துனா அங்க ஓடாத, அங்கிருந்து ஓடு. ஒழுங்கா நடத்தறவன் பனியன் செலவுக்கு எவனாச்சும் கடைக்காரனப் புடிச்சிருப்பான். நீ கட்டுனது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்த ரசீதையும் காட்டுவான்.

மேக்கொண்டு நீயாக் குடுக்கறதா இருந்தா பேங்க் வழியாக் குடு. 2000 ரூவாய்க்கு மேல ரொக்கமாக் குடுத்தா வரியில கழிக்க முடியாது. தருமத்துல கூட கணக்குப் பாக்கறான் கெழவன்னு என்னப் பாக்காத. மார்ச் மாசமானா ரசீதக் காணோம்னு பீரோவ உருட்டறது நீதான்.

அப்பறம் அந்த வாட்சு. நெஞ்சு எத்தன தடவ அடிக்குதுன்னு காட்டுமாமா. காட்டுட்டும். ஆனா அன்னிக்கு ஒரு நாளைக்கு அதக் கழட்டிப் பீரோவுல வெச்சிரு. ஏன்னா, கொடி ஆடுனதும் உங்க சின்ன அம்மணி எல்லாருக்கும் முன்னால பாய்வா. முத சுத்து முடியறதுக்குள்ள "அப்பா, தூக்கு"ம்பா. ஏழு வயசுப் புள்ளையத் தோள்ல வெச்சுட்டு நீ நேரம் பாத்தயின்னா உன்னைய விட வாட்சுதான் அழுவும். ஓட்டக்காரங்க முன்னால போகட்டும், நீங்க நாலு பேரும் பின்னால ஒட்டுக்கா வாங்க. பின்னால வாரவங்களுக்குத்தான் பேசறதுக்கு மூச்சு மிஞ்சும். உம்பொண்டாட்டி உங்கிட்டப் பேசி எத்தன நாளாச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்காத.

புது ஷூ வாங்கியிருக்கயாமா. அத அன்னிக்கு மொத மொதலாப் போட்டீன்னா குதிங்கால்ல கொப்புளம் வந்துரும். இன்னைக்கே போட்டுட்டு ரேசன் கடைக்கு ரெண்டு நட போ. ஷூவும் பழகும், அரிசியும் வந்து சேரும்.

ஓட்டத்துக்குப் பரிசு என்னப்பான்னு உங்க பெரியவன் கேட்டுட்டு இருந்தான். அவனே நேத்துப் போன்ல ஒருத்தங் கதையப் படிச்சுக் காட்டுனான். கனடாக்காரப் பையன், டெர்ரி ஃபாக்ஸ்னு பேரு. எலும்புல புத்துநோய் வந்து 1977ல வலது காலை முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க. அப்ப வயசு 18. அவன் 1980 ஏப்ரல்ல பொய்க்காலோட நாட்டோட கெழக்குக் கரையில இருந்து கெளம்பி, தெனமும் 42 கிலோமீட்டர் ஓடோணும்னு கணக்கு வெச்சு ஓடறான். 143 நாள், 5373 கிலோமீட்டர். அதுக்குள்ள நோவு நுரையீரலுக்குப் போயிருச்சு, நிறுத்திட்டான். நாட்டுல இருக்கறவங்க ஆளுக்கு ஒரு டாலர் குடுங்கன்னுதான் கேட்டான். 1981 பிப்ரவரியில சேந்த பணம் 2 கோடியே 40 லட்சம் டாலரத் தாண்டுச்சு. அந்த நாட்டு சனத்தொகையும் அவ்வளவுதான். ஜூன் மாசம் பையன் போயிட்டான், 22 வயசு. அவன் பேருல வருசா வருசம் ஓடறாங்க, நம்ம சென்னை ஐ.ஐ.டி.க்குள்ளயும் ஓடியிருக்காங்க. அதுல மொத வந்தவன் ரெண்டாவது வந்தவன்னு கெடையாது, பரிசும் கெடையாது. இத்தனையும் படிச்சுட்டு உங்க பையன், "அப்ப அவருக்கு மெடல் இல்லியா தாத்தா?"ங்கறான். நாட்டோட பெரிய பட்டமெல்லாங் குடுத்தாங்கடா, ஆனா அவன் அதுக்காக ஓடலைன்னேன். யோசிச்சுட்டே போனான்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறவங்களுக்கு வழி நெடுகப் பந்தல் போட்டு மோரு குடுக்கறாங்கல்ல, நடக்கறவங்க யாரு மாருலயும் நம்பர் குத்தியிருக்காதுன்னு சொல்ல வந்தேன். அதச் சொன்னா நீ "பழைய காலம் ஆரம்பிச்சுட்டீங்களா அப்பாரு"ம்ப. உட்டுட்டேன்.

தண்ணி பாட்டல மட்டும் ரோட்டுல வீசாத. கூட்டறவங்களுக்கும் ஞாயித்துக்கெழமதான்.

பதிவு முடியலைன்னா எம்பேரையும் சேத்து உடு. 500 ரூவாய நானே தர்றேன். பனியன் வேண்டாம், பதக்கம் வேண்டாம், அந்தக் காசையும் புள்ளைகளுக்கே போடச் சொல்லி எழுதிரு. பொங்கலுக்கு மட்டும் டோக்கன் வாங்கி வை.