தளர்ந்த தசையும் தடுமாறும் துடிப்பும்

கேள்வி: சத்திரசிகிச்சை முடிந்ததும் தசைத் தளர்ச்சியை முறிக்கப் போடும் ஊசி இருதயத் துடிப்பைக் குழப்புமாமே! போடாமலே விட்டால் என்ன?
– வாசகர், பண்டத்தரிப்பு

பதில்: விடலாம், மூச்சையும் சேர்த்து விடச் சம்மதமென்றால்! 1820இல் உங்கள் ஊருக்கு வந்து வைத்தியம் பார்த்த அமெரிக்க மிஷன் டொக்டர் ஜோன் ஸ்கட்டருக்கு இந்தத் தலையிடி இருக்கவில்லை. ஈதர் மயக்கமே 1846இல்தான் உலகறிய வந்தது. ஆனாலும் நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. பழைய மருந்தான நியோஸ்டிக்மின், அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தைச் சிதையவிடாமல் காத்துத் தசையை இயங்கவைக்கிறது. அதே இரசாயனம் இருதயத்துக்குக் கடிவாளம், துடிப்பு தாழ்ந்துவிடும். அதனால்தான் அற்றோப்பின் அல்லது கிளைக்கோபைரோலேற்றையும் கூடவே ஏற்றுகிறார்கள். அற்றோப்பின் முந்திக்கொண்டால் துடிப்பு முதலில் ஓட்டமெடுக்கும்.

“அப்படியென்றால் புதிய சுகமடெக்ஸைப் போடட்டுமே” என்பீர்கள். 2008இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற அது தசைத் தளர்த்தி மருந்துகளான றொக்கூரோனியம், வெக்கூரோனியம் மூலக்கூறுகளையே கவ்விப்பிடிப்பதால் இந்தச் சுற்றுவழி வில்லங்கம் இல்லை. ஆனால் அதன் எச்சரிக்கைக் குறிப்பிலும் கடுமையான துடிப்புத் தாழ்வு, அரிதாக இருதயம் நின்றுபோவதுகூட, இருக்கிறது. இன்னொரு தளர்த்தியான அற்றாகூரியத்தை முறிக்கவும் அதனால் ஆகாது, விலை வேறு. என் கட்சி இதுதான்: துடிப்பு மாறுவது பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களில், மொனிற்றர் முன்னால், வைத்தியர் பக்கத்தில் நிற்கும்போது. மிச்சத் தளர்ச்சியோ வார்ட்டில், கவனிக்க ஆளில்லாத வேளையில் மூச்சைத் திணறடிக்கும். மணிக்கட்டு நரம்பை நான்கு தரம் தூண்டி, பெருவிரலின் நான்காவது துடிப்பு முதலாவதில் 90 சதவீதத்தை எட்டிய பிறகே சுவாசத்துக்கு இட்ட குழாயைக் கழற்ற வேண்டும் என்பது இதற்காகத்தான். தானாகவே அந்த அளவை எட்டியவருக்கு ஊசி வேண்டியதில்லை. ஆனால் அதைக் கருவி சொல்ல வேண்டும், கண்மதிப்பு போதாது. நீங்கள் துடிப்பைத் தாழ்த்தும் பீற்றா புளொக்கர் குளிசை போடுபவரென்றால், மயக்கமருந்து வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.