ஓடுகிற பிள்ளைக்கு எந்த லென்ஸ்?

கேள்வி: என் நாலு வயது மகன் ஒரு நொடி நிற்கமாட்டான். கேமராவோடு வந்த 18-55 லென்ஸில் வீட்டுக்குள் எடுத்தால் எல்லாம் கலங்கல். 50 எம்.எம். வாங்கலாமா, பெரிய ஜூம் வாங்கலாமா?
- வாசகர், திருவையாறு

பதில்: வீட்டுக்குள் என்றால் 35 எம்.எம்., எஃப் 1.8. உங்கள் லென்ஸ் 55-இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும். 1.8 அதைவிடச் சுமார் 10 மடங்கு வெளிச்சம் விடும். நொடியில் 50-இல் ஒரு பங்கு ஷட்டர் கிடைத்த கூடத்தில் 500-இல் ஒரு பங்கு கிடைக்கும். ஓடுகிற பிள்ளைக்கு அவ்வளவாவது வேண்டும். 50-உம் அருமையான லென்ஸ்தான். ஆனால் ஏபிஎஸ்-சி சென்சாரில் அது 75, 80 போல நெருங்கிவிடும். பையன் முழுசாகப் படத்துக்குள் வருவதற்குள் நீங்கள் பின்வாங்கிப் பின்வாங்கி அடுப்படிக்கே போய்விடுவீர்கள்!

ஜூமுக்கும் ஒரு நாள் வரும். ஆடிப்பெருக்கன்று தெருவில் சப்பரம் இழுத்துக்கொண்டு ஓடுவானே, அதற்கு 55-250. வெயில் தாராளமாக இருக்கும். தொடர் ஃபோகஸ் வைத்து, குந்தி உட்கார்ந்து அவன் கண் மட்டத்தில் எடுங்கள். புஷ்ய மண்டபப் படித்துறையில் மட்டும் கேமராவை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். காவிரியில் தண்ணீர் ஓடும்போது உங்கள் கை அவன் கையைத்தான் பிடித்திருக்க வேண்டும்.